தெரபிஸ்டாக 14 வருடங்கள்: எனக்கு இருந்த அவசரத்தைப் பற்றி

கரையோரம் எழுதியது:

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர் "தெரபிஸ்ட் அப்படி என்னதான் செய்வார், சும்மா தலையாட்டிக்கொண்டு கேட்பாரா" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், பத்து வரியில் முடியவில்லை. அதனால் தனியாகத் தொடங்குகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இரண்டு மூன்று பேரின் கதை ஒன்றாகக் கலந்தும் இருக்கும்.

எனக்கு 8 வயது இருக்கும்போது அம்மா படுக்கையை விட்டு எழுவது குறைந்துபோனது. வீட்டில் யாருக்கும் அதற்குப் பெயர் தெரியாது, "அம்மாவுக்கு உடம்பு முடியல" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பள்ளி விட்டு வந்தால் பையை இறக்கும் முன்பே அம்மாவின் அறைக் கதவைத்தான் பார்ப்பேன். முழுக்கத் திறந்திருந்தால் நல்ல நாள். ஒரு சாண் திறந்திருந்தால் சத்தம் இல்லாமல் நடக்க வேண்டும். மூடியிருந்தால் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை வெளியிலேயே இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 15 வயதுக்குள் யாருடைய முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவர்கள் வாய் திறக்கும் முன்பே தெரிந்துவிடும் அளவுக்குத் தேறிவிட்டேன். "இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு" என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குள் இருந்தது பயம் என்று புரிய முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சைக்காலஜி ஏன் எடுத்தாய் என்று கேட்டால் "நாலு பேருக்கு உதவியாக இருக்கலாமே" என்றுதான் அப்போது சொல்வேன். மூடிய கதவு எதைப் பார்த்தாலும் திறந்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது, அதுதான் நிஜக் காரணம்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு பெண் வந்தார். பல வருடங்களுக்கு முன் ஒரு இரவு அவருக்கு நடந்ததைப் பற்றிப் பேச வந்திருந்தார், ஆனால் பேச்சு அந்த இரவின் பக்கம் போகும்போதெல்லாம் நின்றுவிடும். மடியில் ஒரு கைப்பை. அதன் ஜிப்பை இரண்டு விரல் அளவு திறப்பார், மூடுவார், திறப்பார், மூடுவார். மூன்றாவது செஷனில் நான் பொறுமை இழந்தேன். குரலில் காட்டிக்கொள்ளவில்லை, ரொம்ப இதமாகத்தான் கேட்டேன், "இன்றைக்கு அதை முழுசாகச் சொல்லிவிடலாமா, சொன்னால் பாரம் இறங்கும்" என்று. அவர் சொன்னார். முதலிலிருந்து கடைசி வரை, யாருக்கோ நடந்ததைச் செய்தித்தாளில் படிப்பது போன்ற குரலில். அந்த நாற்பது நிமிடமும் ஜிப் அசையவில்லை. அவர் போன பிறகு எனக்கு மனசு நிறைந்திருந்தது, பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் "நன்றி, இனி தேவைப்படாது" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

அதை என் சூப்பர்வைசரிடம் கொண்டுபோனேன் (நாங்கள் செய்யும் வேலையை எங்களை விட மூத்த ஒருவரிடம் தவறாமல் பேசிச் சரிபார்ப்போம், அவரைத்தான் அப்படிச் சொல்வது). கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அன்றைக்கு யாருக்கு அவசரம்?"

இந்தக் கேள்விதான் எனக்குக் கிடைத்த பயிற்சியிலேயே பெரியது. அன்று முழுக்கப் பேச வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் தேவையாக இருக்கவில்லை. பேசாமல் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதை என்னால்தான் தாங்க முடியவில்லை. ஜிப் அசையாமல் நின்றபோது அவர் அமைதியாகிவிட்டார் என்று நினைத்தேன். அவர் அங்கே இல்லவே இல்லை, உடம்பை மட்டும் நாற்காலியில் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். இதற்கு எங்கள் தொழிலில் டிஸோசியேஷன் என்று பெயர். பாடத்தில் படித்திருந்தேன், நேரில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை. 8 வயதிலேயே ஆட்களைப் படிக்கத் தெரிந்தவள் என்று எனக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு போனது.

ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதற்குப் பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. விபத்தோ வன்முறையோ நடந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து ஒரே ஒருமுறை நடந்ததைச் சொல்லச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பின்விளைவுகளைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகக்கூட ஆகியிருக்கலாம் என்று தெரியவந்தது. "கொட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அது எப்போதும் நிஜம் கிடையாது. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது.

அதன் பிறகு நானே ஒரு தெரபிஸ்டிடம் போனேன், மூன்று வருடம். அந்தக் கதவு விஷயம் அங்கேதான் முதன்முதலாக என் வாயிலிருந்து வந்தது. ஐந்தாவது மாதத்தில்.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.


மழைக்குருவி எழுதியது:

ஒரு சாண் திறந்த கதவு. எங்கள் வீட்டில் அது அப்பா சாவியை மேஜையில் வைக்கும் சத்தம். இதற்கு மேல் எழுத முடியவில்லை அக்கா, அப்புறம் வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். இப்படி அடிபட்டு வந்தவர்கள்தான் நல்ல தெரபிஸ்ட் ஆக முடியுமா? எனக்கும் அந்தப் பக்கம் போக ஆசை இருக்கிறது, ஆனால் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.


கரையோரம் எழுதியது:

மழைக்குருவி, மெதுவாக வாருங்கள். வராமல் படித்துக்கொண்டு இருந்தாலும் சரி.

காயம் பட்டவனே குணமாக்குபவன் என்ற எண்ணம் ரொம்பப் பழையது. கிரேக்கப் புராணத்தில் கைரன் என்ற வைத்தியன் தன் காயம் ஆறாமலே மற்றவர்களுக்கு வைத்தியம் பார்ப்பான், கார்ல் யுங் என்ற மனநல மருத்துவர் அந்தக் கதையை எடுத்து எங்கள் தொழிலைப் பற்றிப் பேசினார். நம் காலத்தில் மார்ஷா லினஹான் இருக்கிறார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கும் தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்கும் டிபிடி என்ற சிகிச்சையை உருவாக்கியவர். தானும் இளவயதில் அதே போராட்டத்தோடு மனநல மருத்துவமனையில் இருந்தவள்தான் என்று 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதைப் படித்த அன்று நான் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் காயத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல வீட்டில் நிம்மதியாக வளர்ந்த அருமையான தெரபிஸ்டுகள் எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் அழும்போது அவர்கள் பதறுவதில்லை, அது ஒரு பெரிய வரம். என்னைப் போன்றவர்களுக்கு வலி சீக்கிரம் கண்ணில் படும், அது வசதி. ஆனால் எல்லோருடைய வலியும் என் வலி போலவே தெரியும், அதுதான் ஆபத்து. ஆறிய தழும்பு என்றால் தொட்டுப் பார்க்கலாம், அழுத்தினாலும் பரவாயில்லை. இன்னும் கசிகிற புண்ணோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், வருபவர் நம்மைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். நிஜமாகவே நடக்கும். சின்ன வயதில் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் தெரபிஸ்டின் முகம் கொஞ்சம் வாடினாலும் கண்டுபிடித்து, அன்றைக்குச் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார்கள். எனக்குத் தெரியும், நானும் என் தெரபிஸ்டிடம் அதைத்தான் செய்தேன்.

ஃபிராய்டு தொடங்கிய மனப்பகுப்பாய்வு என்ற பேச்சு சிகிச்சைக்கான பயிற்சியில் 1920-களிலேயே, சிகிச்சை தர வருபவர் முதலில் தானும் அந்தச் சிகிச்சைக்குள் போய் வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். இன்றைக்கு எல்லாப் படிப்பிலும் அது கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால் கட்டாயமாக்க வேண்டும்.


எண்ணும்_எழுத்தும் எழுதியது:

உங்கள் எழுத்து மனதைத் தொடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் இந்தத் துறையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பவன், அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். ஒருவர் சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் முறை) என்கிறார், ஒருவர் கண்ணை இடம் வலமாக அசைக்கச் சொல்கிறார், ஒருவர் குழந்தைப் பருவத்தைத் தோண்டுகிறார். எல்லோரும் தங்கள் முறைதான் வேலை செய்கிறது என்கிறார்கள். கடைசியில் "உறவுதான் குணப்படுத்துகிறது" என்று முடிப்பார்கள். அப்படியென்றால் ஒரு நல்ல நண்பன் போதாதா?

இன்னொன்று. ஹெர்மனின் மூன்று கட்டங்களைச் சொன்னீர்கள். "முதலில் பாதுகாப்பு" என்று மாதக்கணக்கில் ஆயத்தம் செய்துகொண்டே இருப்பதால் நல்ல சிகிச்சை தாமதமாகிறது, பலருக்கு அந்த ஆயத்தமே தேவையில்லை என்று வாதிடும் டிராமா (கொடுமையான அனுபவம் மனதில் விட்டுப்போகும் ஆறாத பாதிப்பு) ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதையும் சொல்லியிருக்க வேண்டும்.


கரையோரம் எழுதியது:

சரியான கேள்விகள். இரண்டாவதிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் சொல்வது நியாயம், நான் எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போனது.

நினைவிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பதுதான் டிராமாவை உயிரோடு வைத்திருக்கிறது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையில் நடந்ததைக் கண்ணை மூடி, நிகழ்காலத்தில் நடப்பது போலத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள், அது பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மொத்தமே 8 முதல் 15 செஷன்தான் பிடிக்கும். ஆனால் அங்கே என்ன நடக்கப்போகிறது, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று முதலில் விளக்குவார்கள். வருபவர் சம்மதித்து உள்ளே வருவார். சொல்லும்போது பதற்றம் எவ்வளவு என்று நடுநடுவே எண்ணில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள். நான் இதில் எதையும் செய்யவில்லை. "சொல்லிவிடலாமா" என்றேன், அவ்வளவுதான். அதைத்தான் என் தவறு என்று சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத் தவறையும் செய்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பிறகு இரண்டு வருடம் யாரிடமும் கடினமான விஷயத்தைத் தொடவே இல்லை. ஒருவர் எட்டு மாதம் வந்தார், எட்டு மாதமும் மூச்சுப் பயிற்சி, தூக்கம், வேலை என்றே போனது. கடைசியில் அவரே "நான் எதற்கு வந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே" என்றார். அப்போதும் அவசரம் என்னுடையதுதான், தப்பித்து ஓடும் அவசரம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். வெவ்வேறு சிகிச்சைகளுக்குள் பொதுவாக இருக்கும் ஏதோதான் வேலை செய்கிறது என்று சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர் 1936-லேயே சொன்னார். இன்னொரு உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957-ல் அந்தப் பொதுவானது என்ன என்று சொல்லப் பார்த்தார்: தெரபிஸ்ட் பாசாங்கு இல்லாமல் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்க வேண்டும், அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், அது அவருக்குத் தெரியவும் வேண்டும். 1979-ல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் இன்னும் நடைமுறையாகச் சொன்னார், எனக்கு இவருடையதுதான் பிடிக்கும். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போக வேண்டும், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதிலும் ஒத்துப்போக வேண்டும், நடுவில் ஒரு பிணைப்பும் இருக்க வேண்டும். நண்பனிடம் மூன்றாவது இருக்கும். முதல் இரண்டு இருக்காது, நட்புக்கு அது தேவையும் இல்லை. அதோடு நண்பனிடம் அவன் பிரச்சினையையும் நீங்கள் கேட்க வேண்டும். இங்கே அந்த ஐம்பது நிமிடம் முழுக்க உங்களுடையது.

ஆனால் உறவு மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே சடங்கைச் செய்யவைக்கும் நோய்) இருப்பவரிடம் அன்பாகக் கேட்டுக்கொண்டு "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று வாரா வாரம் ஆறுதல் சொன்னால் நோய்க்குத்தான் தீனி போடுகிறோம். அவர்களுக்கு, பயப்படும் விஷயத்தைச் சந்தித்துவிட்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறை வேண்டும். அது தெரியாத தெரபிஸ்ட் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். நல்ல மனசு இருந்தால் போதும் என்ற நினைப்பு எங்கள் தொழிலில் நிறையப் பேரைக் கெடுத்திருக்கிறது.


எண்ணும்_எழுத்தும் எழுதியது:

நேர்மையான பதில். ஒன்று மட்டும்: நீங்கள் செய்வது வேலை செய்கிறதா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "அவர் முகம் தெளிந்தது" என்பதெல்லாம் கணக்கில் வராது.


கரையோரம் எழுதியது:

வராது, சரிதான். இதில் என்னை உலுக்கிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மைக்கேல் லாம்பர்ட் என்ற உளவியலாளரின் குழு 2005-ல் வெளியிட்டது. சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யாருக்கு நிலைமை மோசமாகும் என்று அவர்களுடைய தெரபிஸ்டுகளையே கணிக்கச் சொன்னார்கள். தெரபிஸ்டுகள் கைகாட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அந்த 3 பேரில் சரியாக இருந்தது ஒரே ஒருவர். இதைப் படித்த பிறகு என் உள்ளுணர்வை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன். கதவைப் படித்துப் பழகிய எனக்கு அது லேசில் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் ஒரு சின்னக் கேள்வித்தாள், முடிவில் இரண்டு கேள்வி: "இன்றைக்கு உங்களுக்கு முக்கியமானதைப் பேசினோமா? நான் எங்காவது தவறாகப் புரிந்துகொண்டேனா?" முதல் சில வாரம் எல்லோரும் "இல்லை, எல்லாம் நன்றாக இருந்தது" என்றுதான் சொல்வார்கள். ஐந்தாவது ஆறாவது வாரத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி "நீங்கள் அந்த இடத்தில் சிரித்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்பார். அங்கிருந்துதான் வேலையே தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும். வாழ்நாளில் ஒருவரிடம் "நீ என்னைக் காயப்படுத்தினாய்" என்று சொல்லி, எதிரில் இருப்பவர் கோபப்படாமல், உடைந்தும் போகாமல், "ஆமாம், நான் அப்படிச் செய்தேன், மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லிக் கேட்டதே இல்லாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.


புங்கைநிழல் எழுதியது:

கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் இங்கே எழுதக் கணக்குத் தொடங்கினேன், இதுவரை படிப்பதோடு சரி.

நான் ஒரு கவுன்சிலரிடம் நாலு மாதம் போனேன். என் அண்ணன் எனக்குச் செய்ததைப் பற்றி. என்ன என்று இங்கே எழுத விரும்பவில்லை. நாலாவது மாதம் அவர் சொன்னார், "நீங்கள் அவரை மன்னித்தால்தான் உங்களுக்கு விடுதலை." நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் போகவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. தப்பு என் மேல்தானோ, மன்னிக்கத் தெரியாதவனாக இருக்கிறேனோ என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.


கரையோரம் எழுதியது:

உங்கள் மேல் தப்பு இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மன்னிப்பதா வேண்டாமா, அது எப்போது, யாரை என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு மட்டும்தான். எந்தத் தெரபிஸ்டும் அதைச் சிகிச்சையின் நிபந்தனையாக வைக்க முடியாது. சிலருக்கு மன்னிப்பு தானாக வருகிறது, அவர்களுக்கு அது நல்லதும் செய்கிறது. சிலருக்கு வருவதே இல்லை, அவர்களும் தூங்குகிறார்கள், சிரிக்கிறார்கள், பிள்ளைகளை நன்றாக வளர்க்கிறார்கள். இருவரையும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு மன்னிப்புக்கு முன்னால் வர வேண்டியிருந்தது கோபம். அதுவும் சின்ன வயதில் படவே அனுமதிக்கப்படாத கோபம். அதைத் தாண்டிக் குதித்து மன்னிப்புக்குப் போகச் சொன்னால், பழையபடி "வாயை மூடிக்கொண்டு இரு" என்று சொன்னது போலத்தான் காதில் விழும். அன்று நீங்கள் தலையாட்டினீர்களே, சின்ன வயதிலும் அப்படித்தான் தலையாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

அந்தக் கவுன்சிலர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. அவருக்கும் அவசரம் இருந்திருக்கலாம், நீங்கள் சீக்கிரம் நன்றாக இருக்க வேண்டும் என்று. அவரிடமே திரும்பிப் போய் "அன்றைக்கு நீங்கள் சொன்னது என்னை அடித்தது" என்று சொல்ல முடிந்தால், அவர் அதைக் கேட்கும் விதத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும். ஆனால் அது உங்கள் கடமை கிடையாது. வேறு ஒருவரைத் தேடுவதும் முழுக்கச் சரி. முதல் நாளே உங்களுக்கு என்ன வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வேறு ரகம்: தெரபிஸ்ட் உங்களிடம் காதல், உடலுறவு, கடன், வியாபாரம் என்று எதற்கு வந்தாலும் அது "புரிதல் பிழை" கிடையாது. அங்கே பேசிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. வெளியே வந்துவிடுங்கள், அவருக்கு உரிமம் கொடுத்த அமைப்பிடம் புகார் கொடுங்கள்.


ஒருபக்கநிலா எழுதியது:

புங்கைநிழல் சகோ, எழுதியதற்கு நன்றி.

எனக்குப் பெரிய கதை எதுவும் இல்லை, பேனிக் அட்டாக் மட்டும்தான். நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், செத்துவிடுவேன் என்று தோன்றும். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். தெரபிக்குப் போனால் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குவார்களோ என்று பயந்து போகவில்லை.


கரையோரம் எழுதியது:

தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. பேனிக்குக் குறுகிய கால சிகிச்சையே நன்றாக வேலை செய்யும்.

உங்கள் விரல் ஏன் மரக்கிறது தெரியுமா? பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது தேவைக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போய்விடுகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் விரல் நுனி, உதட்டோரம் எல்லாம் ஊசி குத்துவது போல இருக்கும், தலை லேசாகும். உங்களுக்கு மூச்சு போதாதது போலத் தோன்றும், அதனால் இன்னும் வேகமாக இழுப்பீர்கள், இன்னும் குறையும். உடம்பில் சாதாரணமாக நடக்கும் ஒன்றை "இது மரணம்" என்று மனம் படித்துவிடுகிறது, அந்தப் பயம் அடுத்த மூச்சை இன்னும் வேகமாக்குகிறது.

நான் என்ன செய்வேன் என்றால், மருத்துவர் சரி சொன்ன பிறகு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு பேருமாக உட்கார்ந்து வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவோம். நானும் விடுவேன். எனக்கும் விரல் மரக்கும். "எனக்கு வந்துவிட்டது, உங்களுக்கு?" என்று கேட்பேன். ஒருவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது அதேதான்... ஆனால் நான்தானே வரவழைத்தேன்" என்றார். ஆறு வருடமாக எந்த உணர்வுக்குப் பயந்து அவர் வீட்டை விட்டுத் தனியாக வெளியே போகாமல் இருந்தாரோ, அதைத் தன் கையாலேயே வரவழைத்து, அது இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையில் முடியாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் முறை தெரபிஸ்ட் கூட இருக்கும்போது செய்வது நல்லது.


வெண்பலகை எழுதியது:

அக்கா, நான் முதுகலை முதல் வருடம். அடுத்த மாதம் முதல் கிளையன்டைப் பார்க்கப் போகிறேன். வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு கேள்வி. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்க வாய் வராது போலிருக்கிறது, கேட்டு நானே அந்த எண்ணத்தைக் கொடுத்துவிட்டால்? அப்புறம், இவ்வளவையும் கேட்டுவிட்டு எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள்?


கரையோரம் எழுதியது:

கேட்டால் எண்ணம் வராது. ஆராய்ச்சிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. கேட்கப்பட்டவர்களில் பலருக்கு நிம்மதிதான் வருகிறது, இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார் என்று. சுற்றி வளைக்காதே. "தப்பாக எதுவும் நினைக்கவில்லையே?" என்று கேட்டால் அவர் "இல்லை" என்றுதான் சொல்வார், நீ கேட்கும் விதத்திலேயே பதில் இருக்கிறது. "இவ்வளவு வலியில் இருக்கும் சிலருக்குச் செத்துப்போகலாம் என்று தோன்றும், உங்களுக்குத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேள். கண்ணாடி முன் நின்று பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகு, நான் அப்படித்தான் பழகினேன்.

ஆம் என்று வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்பே கையில் இருக்க வேண்டும். பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு பக்கத் தாள் இருக்கிறது, ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வடிவமைத்தது. எந்த அறிகுறி வந்தால் நிலைமை மோசமாகிறது என்று தெரியும், தனியாக என்ன செய்து மனதைத் திருப்பலாம், யாரோடு அல்லது எந்த இடத்தில் போய் இருக்கலாம், யாரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை, எந்த உதவி எண்ணைக் கூப்பிடலாம், ஆபத்தான பொருட்களை எப்படி அப்புறப்படுத்துவது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். அன்றே சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், ஆபத்து உடனடி என்றால் அவரைத் தனியாக அனுப்பவே கூடாது. இதையெல்லாம் ரகசியம் காக்கும் விதிக்கு விலக்கு என்று முதல் செஷனிலேயே எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி. ஒருவர் போனதும் ஜன்னலைத் திறப்பேன். அவர் உட்கார்ந்த நாற்காலியை அதன் இடத்தில் தள்ளி வைப்பேன், குறிப்பு எழுதுவேன், கை கழுவுவேன். இந்த வரிசையில்தான், 14 வருடமாக. பத்து நிமிடம் ஆகும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு அடுத்தவரை உள்ளே கூப்பிட்ட நாட்களில் இரண்டாவது ஆளிடம் முதல் ஆளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் பார்ப்பதில்லை. அப்படியும் சில நாள் வீட்டுக்குள் கூடவே வந்துவிடுவார்கள். அதற்குத்தான் சூப்பர்விஷன், அதை எந்தக் காலத்திலும் விடாதே.


மழைக்குருவி எழுதியது:

திரும்பி வந்துவிட்டேன். ஒன்று கேட்கலாமா, பதில் சொல்ல வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் அம்மா?


கரையோரம் எழுதியது:

சொல்கிறேன்.

அம்மாவுக்கு 61 வயதில்தான் மனநல மருத்துவரைப் பார்க்க ஒப்புதல் வந்தது. என் பேச்சைக் கேட்டு இல்லை. நான் வருடக்கணக்கில் கெஞ்சி, வாதாடி, கோபப்பட்டு, அழுது எதுவும் நடக்கவில்லை. நான் கேட்பதை நிறுத்தி ஒன்றரை வருடம் கழித்து, ஒருநாள் அவராகவே "யாரையாவது பார்க்கலாம் என்றாயே" என்றார். மருந்து தொடங்கி ஏழாவது வாரம் காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டார். அதைச் செய்தது நான் படித்த எந்தப் படிப்பும் இல்லை. மருந்தும் அந்த மருத்துவரின் நிதானமும்தான். பேச்சு சிகிச்சை செய்பவள் இதைச் சொல்ல வேண்டும்: சிலருக்கு மருந்துதான் முதல் படி, அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கு இன்னும் மூடிய நாட்கள் உண்டு. இப்போது நான் தட்டுவேன். "உள்ளே வரட்டுமா?" என்று கேட்பேன். சில நாள் "வா" என்பார். சில நாள் "அப்புறம்" என்பார். "அப்புறம்" என்றால் வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன், நான் அங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.


மழைக்குருவி எழுதியது:

நன்றி அக்கா.


புங்கைநிழல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், யாராவது இன்னும் படிக்கிறீர்களா தெரியவில்லை. புதிதாக ஒருவரிடம் போனேன். உட்கார்ந்ததும், வணக்கம் சொல்லும் முன்பே, "என்னை மன்னிக்கச் சொல்லாதீர்கள்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து "வேறு என்னவெல்லாம் நான் செய்யக் கூடாது?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லவே அந்த ஐம்பது நிமிடமும் சரியாகப் போனது. வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.